நான் பாதி படித்த பிழைச் செய்தி

இன்று காலை பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறப்பதற்கும் முன்னால், கைபேசியில் நம் இருவருடைய பேச்சுக்குள் போய், மூன்று மாதம் பின்னோக்கித் தள்ளி, நீ ஒரு சனிக்கிழமை அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தேன். உன் மடிக்கணினித் திரையை நீ படம்பிடித்து அனுப்பியது. ஓரத்தில் ஒரு காபிக் கோப்பையின் பிடி தெரிகிறது. நடுவில் சிவப்பு எழுத்தில் நான்கு வரிகள். அதைப் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தரவுத்தள வேலையிலேயே இருக்கும் நான், அந்தப் படம் வந்த அன்று முதல் வரியைத் தாண்டவில்லை. மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறது, சாமி: எதிர்ப்பக்கம் காட்டும் சான்றிதழில் இருக்கும் பெயர், நீ தேடி வந்த பெயர் அல்ல.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. புனே பஸ் பலகையில் மராத்தியை ஓட்டமாகப் படிக்கிற நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் "இது யாரும்மா?" என்று என்னிடம் நீட்டுவாய். இங்கிலீஷில் எழுதினால் ஒரே வீச்சில் கண்ணை ஓட்டிவிட்டு "ஓகே அம்மா" என்று ஒரு வரி போட்டுவிடுவாய். இது மெதுவாகப் படிக்கப்பட வேண்டிய கடிதம். உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்ப எழுதியிருக்கிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே பிடிபடுகிறது. கம்பெனிப் பெயர்களை விட்டுவிட்டேன். பிற்பாடு எப்போதாவது வேறொரு அம்மா இதைப் படிக்க நேர்ந்தால், அவளுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படாது. திங்கட்கிழமை பத்து மணிக்கு உன் அலுவலகத்தில் உன்னை உட்கார வைத்து விசாரிக்கப் போகிறார்கள். அதற்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தச் சனிக்கிழமையை நான் எத்தனை முறை திரும்ப ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அப்பாவுக்கு அன்று பாங்க் விடுமுறை. நான் அரிசிம்பருப்பு சாதம் வைத்துக்கொண்டிருந்தேன். நீ வேலையில் சேர்ந்து, நம் கோர்படி வீட்டை விட்டுக் கோந்த்வாவில் நண்பர்களோடு தங்கப் போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது. வாரக்கணக்கில் உன்னிடமிருந்து கால் வராமல் இருந்து, அன்று வந்தது.

"அம்மா, டேட்டாபேஸ் கனெக்ட் ஆகலை. பன்னெண்டு மணிக்குள்ள க்ளினிக்குக்கு ரிப்போர்ட் போகணும்."

"என்னன்னு சொல்லுது கண்ணு?"

"சர்டிபிகேட்னு ஏதோ. போட்டோ அனுப்பிருக்கேன் பார்."

"பாத்தேன் பாத்தேன். அது எப்பவும் வர்றதுதான். வெரிஃபை பண்றத எடுத்துட்டுக் கனெக்ட் பண்ணு. வேலை முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"பக்கா?"

"அட, பண்ணு சாமி. குக்கர் கத்துது இங்க."

ஐந்து நிமிடத்தில் "ஆயிடுச்சு, நீதான் பாஸ்" என்று செய்தி அனுப்பினாய். நான் அதை அப்பாவிடம் காட்டினேன். வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு இன்னும் நான் தேவைப்படுகிறேன் என்கிற சந்தோஷம் அன்று முழுக்க எனக்கு இருந்தது. அந்தச் சந்தோஷத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்த ஒரு வாரமாகக் கூச்சமாக இருக்கிறது. எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் அறையில் இணையம் போய்விட்டது என்றும், கீழே ஒரு காபிக் கடையின் வைஃபையில் இருக்கிறேன் என்றும் சொல்லியிருப்பாய். நான் கையில் கரண்டியோடு நின்றபடியே கேஸை அணைத்துவிட்டு, அங்கிருந்து இணைக்காதே என்று சொல்லியிருப்பேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தொழிலில் இந்தப் பிழையின் முதல் வரியை மாதத்துக்குப் பத்து முறை பார்க்கிறோம். பெரும்பாலும் காரணம் அற்பமானது. தரவுத்தளத்தை வைத்திருக்கும் க்ளவுட் நிறுவனம் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ்க் கோப்பைக் கொடுக்கிறது. அது நம் கணினியில் இல்லாவிட்டால் இந்தச் செய்தி வரும். அந்தக் கோப்பை இறக்கிச் சரியான இடத்தில் வைத்தால் தீர்ந்தது, பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, சரிபார்ப்பையே எடுத்துவிடுகிறோம். எடுத்தாலும் இணைப்பு மறையாக்கத்தோடுதான் ஓடும். வழியில் இருக்கிறவன் ஒட்டுக்கேட்க முடியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். அது உண்மைதான். ஆனால் எதிர்முனையில் இருப்பது நம்முடைய தரவுத்தளம்தானா, இல்லை அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும் வேறொருவனா என்று பார்க்க ஆள் கிடையாது. அப்படி ஒருவன் இருந்தால், யாரும் ஒட்டுக்கேட்க முடியாத அந்த ரகசியமான வழியில் நம் கடவுச்சொல்லை நாமே அவனிடம் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். உன் படத்தின் மூன்றாவது வரி அதைத்தான் சொல்லியிருந்தது. வழக்கமான காரணம் இல்லை அது. பெயரே வேறு என்று சொல்லியிருந்தது. இயந்திரம் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை வாயை மூடச் சொன்னது நான்.

உங்கள் தரவுத்தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டான், உன்னை விசாரிக்கிறார்கள் என்று நீ போனில் சொன்ன பிறகு, வியாழக்கிழமை சாயங்காலம் நான் கோந்த்வாவுக்கு வந்தேன். நீ வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாய். ஆட்டோவில் அரை மணி தூரத்தில் பிள்ளை இருக்கும்போது வராமல் இருக்கும் பழக்கம் எனக்கில்லை. கேட்டில் இருந்த வாட்ச்மேன் "ஊபர் ஜாயியே ஆண்ட்டி" என்று மேலே போகச் சொல்லி வழி விட்டான். நீ அதற்குள் இறங்கி வந்து, என் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவை வாங்கி, அவன் மேசை மேல் வைத்தாய்.

"மேல வராத. பசங்க இருக்காங்க."

"நான் உங்க ஆபீசுக்கு வந்து சொல்றேன் கண்ணு. நான்தான் எடுக்கச் சொன்னேன்னு. அதிலென்ன?"

"அரே அம்மா, கேளு. நீ யாரு? வேற கம்பெனி ஆள். உனக்கு நான் ஸ்க்ரீன் போட்டோ அனுப்பிருக்கேன். சர்வர் பேர், யூசர் நேம் எல்லாம் அதுல இருக்கு. வெளி ஆளுக்கு அதை அனுப்பினது இதைவிடப் பெரிய தப்பு. நேரா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க."

"யாரு சொன்னாங்கன்னு கேட்டதுக்கு என்ன சொன்னே?"

"நானே பண்ணேன்னு சொன்னேன். கூகிள்ல பாத்தேன்னு."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாத. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

கோபமில்லாமல் சொன்னாய். பிறகு உன் செருப்பைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொன்னாய். அந்தச் சனிக்கிழமை மதியம், நீ இணைந்து முடித்த இரண்டு மணி நேரத்தில், உன் பெயரிலேயே எங்கிருந்தோ ஒருவன் உள்ளே நுழைந்திருக்கிறான். எந்த இணைய முகவரியிலிருந்து வந்தாலும் அனுமதிக்கும்படி அந்தத் தரவுத்தளம் முன்பிருந்தே திறந்து கிடந்ததால் அவனைத் தடுக்க எதுவும் இல்லை. மூன்று மாதம் வந்து வந்து போயிருக்கிறான். க்ளினிக் நோயாளிகளின் பெயர், போன் நம்பர், பரிசோதனை முடிவு எல்லாம் போய்விட்டது.

"ஒரு பொண்ணுக்குக் கால் வந்திருக்கும்மா. ப்ரெக்னன்சி டெஸ்ட் எடுத்திருக்கா. வீட்ல யாருக்கும் சொல்லலை. ஏதோ பேக்கேஜ் விக்கறேன்னு பேசினவன் ரிசல்ட்டைப் படிச்சுக் காட்டிருக்கான். போனை எடுத்தது அவ மாமியார்."

வாட்ச்மேன் டப்பாவை மோந்து பார்த்து "சாம்பார்?" என்று கேட்டான். நீ ஆமாம் என்று தலையாட்டினாய். அதில் இருந்தது கத்தரிக்காய்ப் பொரியல்.

அந்தக் காபிக் கடையில்தான் கடவுச்சொல் போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. எனக்கு இதுதான் தாங்கவில்லை. ஒரு பாத்திரம் உடைந்தால் யார் கையிலிருந்து விழுந்தது என்றாவது தெரியும். எங்கள் அலுவலகமாக இருந்தால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளைத் தோண்டியிருப்பேன், கடவுச்சொற்களை மாற்றியிருப்பேன், நாலு பேரைத் தூங்க விடாமல் விரட்டியிருப்பேன். உன் அலுவலகத்தின் எந்தக் கதவும் எனக்குத் திறக்காது. திறக்கவும் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அந்தக் கதவின் முன்னால் ஒரு வாரமாக நிற்கிறேன்.

அப்பாவிடம் வெள்ளிக்கிழமை சொன்னேன். உன் மேலாளருக்கு ஒரு மெயில் எழுதப் போகிறேன் என்றேன்.

"எழுதி?"

"தப்பு என் பேர்லன்னு சொல்லப் போறனுங்."

"அவன் இருபத்திமூணு வயசுப் புள்ள. நீ போய்ச் சொல்றதுக்கு இதென்ன ஸ்கூல் பேரண்ட்ஸ் மீட்டிங்கா? நீ மெயில் போட்டா, அவன் சொன்னது பொய்யின்னு ஆயிரும். அதையும் சேத்துக் கேப்பாங்க."

"அப்ப அவன் ஒருத்தனே சொமக்கட்டும்ங்கறீங்களா?"

அப்பா செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "எனக்குத் தெரியல" என்றார். எத்தனையோ வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நீ ஆறாவது படித்தபோது நடந்ததை நீ மறந்திருக்கலாம். நான் மறந்திருந்தேன், இந்த வாரம் அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. உன்னைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போக வேறு யாராவது வந்தால் ஒரு ரகசிய வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் போகக் கூடாது என்று நாம் ஏற்பாடு செய்திருந்தோம். வார்த்தையை நீதான் தேர்ந்தெடுத்தாய்: கம்மங்கூழ். புனேயில் ஒருத்தனுக்கும் தெரியாது என்று உனக்குப் பெருமை. ஒரு மழை நாளில் எனக்கு வேலை இழுத்துவிட்டது. கீழ்வீட்டு ஜோஷி காகாவை அனுப்பினேன். வார்த்தையைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டேன். தினமும் உனக்குச் சாக்லேட் கொடுக்கிற மனிதர் அவர். அவரோடு நீ வரமாட்டேன் என்று நின்றுவிட்டாய். பாவம், அவர் கேட்டில் நின்று "இட்லி? தோசா? ரசம்?" என்று தனக்குத் தெரிந்த மதராஸிச் சாப்பாட்டையெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார். நீ ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறாய். ஒன்றரை மணி நேரம் கழித்து நான் ஓடி வந்தபோது இருவரும் ஒரே குடையில் நனைந்துகொண்டிருந்தீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னைத் திட்டினேன். "தெரிஞ்ச மனுசனக் கூடவா உனக்கு நம்பத் தெரியாது? எத்தனை பேருக்குத் தொந்தரவு பாரு" என்றேன். காகாவிடம் உன்னை மன்னிப்புக் கேட்க வைத்தேன். அவர்கூட "பச்சா சஹீ ஹை, பாபி" என்று உன் பக்கம்தான் பேசினார். நீ சரியாகத்தான் செய்தாய். தெரிந்த முகமாக இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும் என்று மழையில் நின்ற பிள்ளையை, அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கிறாய் என்று சொல்லி அழைத்து வந்தேன். அந்த வார்த்தையை அதற்கப்புறம் நாம் பயன்படுத்தவே இல்லை. "பக்கா?" என்று நீ அன்று போனில் கேட்டபோதும் நான் பதில் சொன்ன தோரணை அதேதான். நிதானமாகச் சரிபார்க்கிறவனை அவசரப்படுத்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டிருக்கிறது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் உன் தாத்தாவுக்கு ஆபரேஷன் என்று நான் மட்டும் ரயிலில் போனேன், நினைவிருக்கிறதா? சோலாப்பூர் தாண்டியதும் ஹடப்சரில் இருக்கும் என் அலுவலகத்திலிருந்து போன். பள்ளிப் பேருந்துகளை நடத்துகிறவர்களுக்காக நாங்கள் பார்த்துக்கொள்ளும் தரவுத்தளம் தடுமாறுகிறது, நான் உள்ளே போய்ப் பார்த்தே ஆகவேண்டும். அந்தத் தரவுத்தளத்தில் அனுமதிக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாத இடத்திலிருந்து யாரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஓடும் ரயிலில் என் கைபேசி இணைப்பு அறுந்து அறுந்து சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் முகவரி மாறிவிடும். பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பேன், அது வேலை செய்வதற்குள் இன்னொன்று. நாலைந்து முறைக்குப் பிறகு பொறுமை போய், எல்லா முகவரிக்கும் அனுமதி என்று ஒரு வரியைச் சேர்த்தேன். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறிப்பும் எழுதினேன். அரை மணியில் வேலை முடிந்தது. குண்டக்கல்லில் ரயில் நின்றபோது டீ வாங்கிக் குடித்தேன். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன்.

ஒன்பது நாள். தாத்தா பிழைத்து, நான் புனே திரும்பி, அலுவலகத்தில் உட்கார்ந்த அன்றுதான் அது கண்ணில் பட்டது. உடனே எடுத்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன், பதிவுகளைப் பார்த்தேன். எங்கெங்கிருந்தோ வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போன தடங்கள் நிறைய இருந்தன. ஒருவனும் உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் பதிவுகளை நாங்கள் ஏழு நாள் மட்டுமே வைத்திருப்போம். முதல் இரண்டு நாளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது. அதில் இருந்தவை பிள்ளைகளின் பெயர், வீடு, எந்த முனையில் எத்தனை மணிக்குப் பேருந்துக்காக நிற்பார்கள் என்பது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. நடந்ததாக யாரும் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் கவனமாக வேலை செய்பவள் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது ஹாலில் இருக்கிறது. நீதான் ஆணி அடித்தாய்.

இந்த அம்மா உனக்கு என்ன புத்தி சொல்வது? ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வேண்டாமென்றால் விட்டுவிடு. பிழைச் செய்தி என்பது நம்மைத் தடுக்க வந்த எதிரி இல்லை கண்ணு. கடைசி வரி வரை படி. பொது வைஃபையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்றால் முதலில் அலுவலகத்தின் விபிஎன் என்கிற தனிப்பாதை வழியாகப் போ, பிறகு தரவுத்தளத்துக்குப் போ. தற்காலிகம் என்று எதையாவது திறந்தால், மூடும் நேரத்தையும் அப்போதே கைபேசியில் அலாரமாக வை. உன்னை அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அது நானாகவே இருந்தாலும், கொஞ்சம் நிற்கச் சொல். இதெல்லாம் அடுத்த வேலைக்கு உதவும். திங்கட்கிழமைக்கு உதவாது என்று எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை நீ என்ன சொல்வாய் என்பது உன்னுடையது. கூகிளில் பார்த்தேன் என்றே சொல்லலாம். அம்மாவிடம் கேட்டேன், படம் அனுப்பினேன் என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொன்னால் இன்னும் அதிகமாக அடிபடுவாய், நீ சொன்னது சரிதான். சொல்லாவிட்டால் எத்தனை வருடம் கழித்தும் அது உள்ளே இருக்கும், அதை நான் சரி என்று சொல்ல முடியாது. இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லாமல் இருப்பேனா? என்னைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எதையும் மறைக்க வேண்டாம். என் பெயர் அங்கே வந்தால் வரட்டும். நீ கூப்பிட்டால் நான் வந்து அந்தப் படத்தைக் காட்டுவேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். உன் மேலாளருக்கு எழுதி வைத்திருந்த மெயிலை அழித்துவிட்டேன்.

உன் விஷயத்தில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு, என்னால் செய்ய முடிகிற வேறொன்று இருப்பதை இன்று காலை பார்த்தேன். அது உனக்கு எந்த விதத்திலும் உதவாது. அந்தப் பெண்ணுக்கும் உதவாது. உனக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. திங்கட்கிழமை பத்து மணிக்கு நீ அந்த அறைக்குள் போகும்போது, நான் ஹடப்சரில் எங்கள் மேடத்தின் அறைக்குள் போய், அந்த ஒன்பது நாளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பதிவில்லாத இரண்டு நாளைப் பற்றியும். அந்தப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று கேட்கப் போகிறேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.